முதல் வரைவு 1,12,000 சொல்: திருத்தத்தை எங்கே ஆரம்பிப்பது?

வாய்க்கால்கரை:

நாவலின் முதல் வரைவு முடிந்துவிட்டது. 41 அத்தியாயம், 1,12,000 சொல். களம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். 1977 ஜூனில் தொடங்கி 1979 தைப்பொங்கலில் முடிகிறது, நடுவில் நாகப்பட்டினம் புயல். மூன்று பேரின் கண் வழியாகக் கதை போகிறது: குத்தகைக்காரன், அவன் மகள், வட்டிக்கடைக்காரர். படர்க்கை, இறந்தகாலம். உரையாடல் முழுக்கப் பேச்சுவழக்கு.

முதல் அத்தியாயத்தை ஒன்பது தடவை திருத்தியாயிற்று. இரண்டாவதைத் தொடவே இல்லை. வேலைக்குப் போகிற ஆள் என்பதால் தினம் காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறன்று மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். புத்தகக் காட்சிக்கு வரவேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசிக்குள் பிரதி வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். கையில் ஐந்து மாதம்.

எந்த வரிசையில் போவது? எவ்வளவு குறைப்பது? மொழிநடையில் எப்போது கை வைப்பது? அடுத்தவர் கையில் எப்போது கொடுப்பது?

ஓரக்குறிப்பு:

முதல் அத்தியாயத்தை மூடிவையுங்கள். அது கடைசியாகத் திருத்த வேண்டியது. ஒன்பது தடவை இழைத்த பகுதியைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. அதைக் காப்பாற்றுவதற்காக மற்ற 40 அத்தியாயத்தையும் வளைக்க ஆரம்பிப்பீர்கள்.

நேரக் கணக்கைப் போட்டுவிடுவோம். வாரத்துக்கு 9 மணி, ஐந்து மாதம் என்றால் ஏறத்தாழ 20 வாரம், ஆக 180 மணி நேரம். இதில் முழுதாக ஒருமுறை படிக்க 15, காட்சிப் பட்டியல் போட 10, கட்டமைப்புத் திருத்தத்துக்கு 80, மொழிநடைக்கு 45, மெய்ப்புக்கு (அச்சுக்கு முன் பிழை பார்க்க) 20. மிச்சம் 10 மணி நேரம் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும். மொழிநடைக்கு 80, கட்டமைப்புக்கு 45 என்று மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமான தவறு. வாக்கியம் திருத்துவது சுகமான வேலை, அதனால் கை தானாக அங்கே போகும்.

முதல் வாசிப்பைத் திரையில் செய்யாதீர்கள். ஏ4 தாளில், 13 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளியில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு எடுங்கள். படிக்கும்போது ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. ஓரத்தில் ஓரெழுத்துக் குறி போதும்: அலுத்தால் ‘அ’, முன்பே சொன்னது திரும்ப வந்தால் ‘தி’, நம்பமுடியவில்லை என்றால் ‘ந’. படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்த இடத்திலெல்லாம் ஒரு கோடு. எழுதியவருக்கே எழத் தோன்றிய இடம் அது.

அடுத்தது எக்செல்லில் காட்சிப் பட்டியல். அத்தியாயப் பட்டியல் அல்ல, ஒரு அத்தியாயத்தில் மூன்று காட்சி இருந்தால் மூன்று வரி. நெடுவரிசைகள்: கதைக்குள் தேதி, இடம், யார் கண்ணில், சொல் எண்ணிக்கை, கடைசியாக ‘இதற்குப் பிறகு என்ன மாறியது’. அந்தக் கடைசிக் கட்டத்தை ஒரே வினைச்சொல்லால் நிரப்ப வேண்டும்: கடன் வாங்கினான், பொய் சொன்னாள், நிலம் போனது. ‘சூழலை விவரிக்கிறது’, ‘அவள் தனிமையைக் காட்டுகிறது’ என்றெல்லாம் எழுதத் தோன்றினால் கட்டம் காலி என்று அர்த்தம்.

காலிக் கட்டம் உள்ள காட்சியை உடனே அழிக்காதீர்கள். அதில் கதைக்குத் தேவையான தகவல் ஒன்றிரண்டு இருக்கும், அவை பக்கத்துக் காட்சிக்குக் குடிபெயர வேண்டும். வெட்டியதையெல்லாம் ‘வெட்டியவை’ என்று ஒரு கோப்பில் போடுங்கள். திரும்ப எடுக்கப்போவதில்லைதான், ஆனால் இருக்கிறது என்ற தைரியத்தில் வெட்டுவதற்குக் கை வரும்.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு அச்சுக் கணக்கையும் பாருங்கள். டெம்மி என்கிற வழக்கமான நாவல் அளவில், 11 புள்ளி எழுத்தில், பக்கத்துக்குச் சுமார் 240 சொல் பிடிக்கும். உங்கள் வரைவு 467 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக 30 ஃபாரம். 95,000 சொல்லுக்குக் கொண்டுவந்தால் 396 பக்கம், 25 ஃபாரத்துக்குள் வருகிறது என்று தோன்றும். ஆனால் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், காணிக்கை, முன்னுரை சேர்ந்தால் 404. நான்கு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், வடிவமைப்பவர் வரி இடைவெளியை நெருக்கிவிடுவார். படிக்கிறவர் கண்ணுக்குத்தான் நஷ்டம். 93,000-ஐ இலக்காக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளைத்தாள்:

ஓரக்குறிப்பு சொன்ன பட்டியல் வரைக்கும் சரி. அதுக்கப்புறம் பழைய கோப்பைத் திறந்து வெட்டி ஒட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டி ஒட்டினா தையல் தெரியும். ஒரு காட்சி 14-லேர்ந்து 11-க்குப் போனா, அதுல இருக்கிற ‘அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு’, ‘மறுபடியும்’, ‘இப்போதும்’ மாதிரி சொல்லெல்லாம் பழைய இடத்தையே பார்த்துக்கிட்டு நிக்கும். எழுதினவர் கண்ணுக்கு அது படவே படாது.

பிரிண்ட் எடுத்ததைப் பக்கத்துல வைங்க, புதுக் கோப்பு திறங்க, முதல்லேர்ந்து தட்டச்சு பண்ணுங்க. பார்த்து அடிக்கக் கூடாது. ஒரு காட்சியைப் படிச்சுட்டு, தாளைக் கவுத்துப் போட்டுட்டு எழுதணும். சப்பையான பத்தியைத் திரும்ப அடிக்க விரலுக்கே அலுப்பு வரும், தானா சுருங்கிடும். நல்ல வரி எப்படியும் ஞாபகத்துல நிக்கும்.

ஓரக்குறிப்பு:

மணிக்கு 700 சொல் என்றே வைத்துக்கொண்டாலும் 93,000 சொல்லுக்கு 133 மணி நேரம். இவரிடம் மொத்தமே 180. எல்லாவற்றையும் திரும்ப எழுதினால் மொழிநடைக்கு நேரமே மிஞ்சாது. இடம் மாறுகிற காட்சி, பார்வை மாறுகிற காட்சி, இரண்டு சேர்ந்து ஒன்றாகிற காட்சி, இந்த மூன்று வகையை மட்டும் வெள்ளைத்தாள் சொல்கிறபடி புதிதாக எழுதட்டும். தையல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. இடம் மாறிய காட்சியில் ‘பிறகு’, ‘மறுபடி’, ‘இன்னும்’, ‘ஏற்கெனவே’, ‘அந்த’ ஆகிய ஐந்தையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பழையபஞ்சாங்கம்:

கட்டமைப்பு வேலை நடக்கும்போதே காலத்தையும் சரிபாருங்கள். கடைசியில் பார்த்தால் ஒரு தேதிப் பிழை மூன்று அத்தியாயத்தைச் சாய்க்கும்.

புயல் 1977 நவம்பர் 12. அதற்கு முதல் நாள்தான் அமாவாசை, தீபாவளியை ஒட்டி வருகிற ஐப்பசி அமாவாசை. ஆகவே அந்த இரவில் நிலா வெளிச்சத்தில் தென்னை சாய்வதை யாரும் பார்த்திருக்க முடியாது, மேகம் விலகினாலும் இருட்டுதான். அதே மாதம் 19-ஆம் தேதி ஆந்திரக் கரையைத் தாக்கிய புயல் வேறு. இரண்டின் விவரங்களும் கலந்துவிடாமல் பாருங்கள். வயலில் அப்போது நிற்பது சம்பாப் பயிர், அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. களத்துமேட்டில் கதிர்க்கட்டு புயலில் பறக்கிற காட்சி எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். குறுவை அறுப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

மன்னார்குடியும் நாகப்பட்டினமும் அப்போது தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல், திருவாரூர் 1997-இல். ‘மாவட்டத் தலைநகருக்குப் போனான்’ என்றால் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற வேண்டும். எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977 ஜூன் 30. கதை அதே ஜூனில் தொடங்குவதால் முதல் அத்தியாயத்துச் சுவரில் தேர்தல் விளம்பரம் இருந்தே ஆகவேண்டும்.

வட்டிக்கடைக்காரருக்கு ஒரு பரிசு இருக்கிறது. 1978 ஜனவரி 16 அன்று 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். குத்தகைக்காரன் அந்த நோட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். கடைக்காரரிடம் இருந்ததா இல்லையா என்பது கதை. உங்கள் வரைவில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று பட்டியலில் பாருங்கள்.

தேதிகளுக்கு அந்த ஆண்டுப் பஞ்சாங்கமும், அந்த வாரத்து நாளிதழும் வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் ஒரு ஞாயிறுக்கு மேல் அங்கே செலவழிக்காதீர்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய், பதிலோடு திரும்பிவிட வேண்டும். பழைய பத்திரிகை விளம்பரங்களில் விழுந்தவர் லேசில் எழுந்ததில்லை.

வாய்க்கால்கரை:

எல்லாருக்கும் நன்றி. பட்டியல் போட்டுப் பார்த்தேன். 9, 14, 22 மூன்றிலும் கடைசிக் கட்டம் காலி. 14-தான் இடிக்கிறது. புயலுக்கு முந்தைய நாள் அவன் கூரையைக் கட்டுவது, 2,900 சொல். 13-இல் கடை வாசலில் நின்று கடன் கேட்கிறான், கடைக்காரர் மறுக்கிறார். 14 இல்லாவிட்டால் புயலில் கூரை போவது உறைக்காதே?

இன்னொன்று. வேலு, வேதாசலம் என்று இரண்டு பெயர் குழப்புகிறதாம். வேலுவை மணி என்று மாற்றிவிடலாமா?

ஓரக்குறிப்பு:

13-ஐயும் 14-ஐயும் ஒன்றாக்குங்கள். கடன் பேச்சைக் கடை வாசலிலிருந்து அவன் வீட்டுக்கு நகர்த்துங்கள். பழைய பாக்கியைக் கேட்கக் கடைக்காரர் வருகிறார், அவன் கூரைமேல் உட்கார்ந்து கீற்றுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருக்கிறான். இறங்கினால் கயிறு தளரும், இறங்காமல் பேசினால் மரியாதை இல்லை. மேலே இருந்துகொண்டு புதுக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது. கூரை வேலைக்கு 600 சொல்லே அதிகம். மறுப்பும் கூரையும் ஒரே படமாக மனசில் நிற்கும், புயலில் கீற்று பறக்கும்போது படிக்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஞாபகம் வரும். 14-இல் உள்ள அண்டைவீட்டு உரையாடல், வானத்து நிற வர்ணனை எல்லாம் ‘வெட்டியவை’ கோப்புக்குப் போகட்டும்.

அடுத்தவரிடம் கொடுப்பது இந்தக் கட்டமைப்பு வேலை முடிந்த பிறகு, மொழிநடையில் கை வைக்கும் முன். இரண்டு பேர் போதும், ஒருவர் அந்தப் பக்கத்துக்காரராக இருக்கட்டும். மூன்று வாரம் கெடு. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாரை யாரோடு குழப்பிக்கொண்டீர்கள், எதை முன்கூட்டியே ஊகித்தீர்கள் என்று கேளுங்கள். எப்படி மாற்றலாம் என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம், அப்படியே செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் கீழே வைத்திருந்தால் அங்கே பிழை இருக்கிறது.

ஒற்றுப்பிழை:

மொழிநடை பற்றி. உங்கள் கேள்வியிலேயே நாவலின் பெரிய சிக்கல் இருக்கிறது, பாருங்கள்: ‘குத்தகைக்காரன், அவன் மகள், வட்டிக்கடைக்காரர்’. ஒருவனுக்கு ‘ன்’, ஒருவருக்கு ‘ர்’. யோசித்துப் போட்டதா, கை போட்டதா?

தமிழில் கதை சொல்கிறவன் ஒளிந்துகொள்ளவே முடியாது, வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். நாவல் முழுக்க ஏழையை அவன் என்றும் பணக்காரரை அவர் என்றும் சொன்னால், ஆசிரியரே கடைத்திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதாக ஆகும். மூன்று பார்வை வைத்திருப்பதால் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. மகளின் அத்தியாயத்தில் ‘அப்பா வந்தார்’. கடைக்காரரின் அத்தியாயத்தில் அதே ஆள் ‘வந்தான்’. அவன் சொந்த அத்தியாயத்தில் அவன் ‘அவன்’, ஆனால் கடைக்காரர் அங்கே எப்படி வருகிறார்? முகத்துக்கு முன்னால் ‘அவர்’, மனசுக்குள் ‘அவன்’ என்று ஒரே ஒரு இடத்தில் மாறினால், மூன்று பக்க ஆத்திரத்தை அந்த ஒரு விகுதி சொல்லிவிடும். எந்த அத்தியாயத்தில் யார் யாருக்கு என்ன விகுதி என்று ஒரு தாளில் எழுதி, அதை வைத்துக்கொண்டு மட்டும் நாவலை ஒருமுறை ஓட்டுங்கள்.

அடுத்து ‘தன்’னும் ‘அவன்’னும். ‘ராசு அண்ணனைப் பார்த்தான். அவன் கை நடுங்கியது.’ யார் கை? ராசுவின் கை என்றால் ‘தன் கை நடுங்குவதை உணர்ந்தான்’, அண்ணன் கை என்றால் ‘அண்ணனின் கை நடுங்கியது’. இரண்டு ஆண்கள் இருக்கிற காட்சியிலெல்லாம் ‘அவன்’ என்று தேடிப் பாருங்கள், பாதி இடம் புகைமூட்டமாக இருக்கும். பார்வை பிசகுகிற இடமும் இதே தேடலில் சிக்கும்.

வினைமுற்று அடுக்கு: ‘எழுந்தான். வாசலுக்கு வந்தான். சைக்கிளை எடுத்தான். ஆற்றைப் பார்த்தான்.’ நான்கு வாக்கியமும் ‘ஆன்’ போட்டு மேளம் அடிக்கின்றன. ‘எழுந்து வந்து எடுத்துப் பார்த்து’ என்று கோத்தால் வேறொரு மேளம். ‘வாசலுக்கு வந்து சைக்கிளை எடுத்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை.’ எழுந்ததையும் பார்த்ததையும் சொல்லவே வேண்டாம். ஆறு தெரிகிறதென்றால் அவன் பார்க்கிறான் என்றுதானே அர்த்தம்? அத்தியாயத்துக்கு ஒருமுறை ‘ஒரு’, ‘கொண்டிருந்த’, ‘போல’, ‘திடீரென்று’ நான்கையும் தேடுங்கள். ‘ஒரு’ பெரும்பாலும் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

இவற்றைக் கண்ணால் பிடிப்பது கடினம், வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் அத்தியாயம் சராசரி 2,700 சொல், ஏறத்தாழ அரை மணி நேரம். காலையில் அரை மணி படிப்பு, அரை மணி திருத்தம்.

வழக்குச் சொல்லுக்கு ஒரு பட்டியல் கட்டாயம். ‘வந்துச்சு’வா ‘வந்திச்சு’வா, ‘என்னடா’வா ‘என்னாடா’வா, ‘பாத்துக்கிட்டு’வா ‘பார்த்துக்கிட்டு’வா என்று ஆளுக்கு ஒன்றாக முடிவுசெய்து, பிரதியோடு பதிப்பாளருக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் உரையாடலிலும் ஒற்றுப் போட்டு, உங்கள் குத்தகைக்காரனைத் தமிழாசிரியர் ஆக்கிவிடுவார். என் இனத்தைப் பற்றி நானே சொல்கிறேன்.

பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு வந்த பிறகு பத்தி சேர்ப்பது, காட்சி மாற்றுவது கூடவே கூடாது. ஒரு பத்தி நீண்டால் அந்த அத்தியாயத்தின் பக்கமெல்லாம் நகரும், திருத்திய இடத்தில் புதுப் பிழை முளைக்கும். யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வடிவமைக்கும் இடமென்றால் துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்: ‘நான்’ என்பது ‘நரன்’ ஆகியிருக்கும், வேகமாகப் படித்தால் கண்ணில் படாது. ‘ஔ’ என்பது ‘ஒள’ ஆவதும் அப்படித்தான். மேற்கோள் குறிகள் கேள்விக்குறியாக மாறியிருக்கலாம்.

வெள்ளைத்தாள்:

பெயர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலை. வேலுவை மணின்னு மொத்தமா மாத்திடாதீங்க. ‘வேலுவை’ ‘மணிவை’ ஆயிடும், ‘வேலுவுக்கு’ ‘மணிவுக்கு’. வேற்றுமை ஒவ்வொண்ணையும் தனித்தனியா மாத்தணும்: வை, வுக்கு, வின், விடம், வோடு, வும், வா. வசனத்துல ‘வேலுவ’, ‘வேலுகிட்ட’ன்னு இன்னும் ரெண்டு. அதைவிட மோசம், மாத்தினப்புறம் மனசு மாறினா திரும்பி வர வழியில்லை. ‘மணி பத்தாச்சு’, ‘கோயில் மணி’ எல்லாம் கலந்து கிடக்கும்.

உகரத்துல முடியற வேற பெயரா எடுங்க. பாலு, சீனு மாதிரி. உருபெல்லாம் அப்படியே பொருந்தும். மாத்தறதுக்கு முன்னாடி கோப்பைத் தேதி போட்டு ஒரு நகல் எடுத்துக்கோங்க. ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அமுக்காம ஒவ்வொண்ணாப் பார்த்து மாத்துங்க, முந்நூறு இடம் இருந்தாலும் ஒரு மணி நேர வேலைதான். இல்லேன்னா கடைக்காரர் கல்லாவுக்கு மேல மாட்டியிருக்கிற ‘வேலும் மயிலும் துணை’, ‘பாலும் மயிலும் துணை’ன்னு அச்சாகி வரும்.